புதினாத் தொட்டியில் முளைத்தது

"இனிமே நான் கத்துக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

மடத்தின் மொட்டை மாடியில் கீரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அம்மையார். ஞானசிகாமணியைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

"என்ன கத்துக்கிட்டீங்க?"

"கத்தரி இலையில மாவு பூத்த மாதிரி இருந்தா சாம்பல் நோய். புதினா இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொட்டு வந்தா துரு நோய். மண்ணுமேல வெள்ளை நூலா படர்ந்தா பெரும்பாலும் பயமில்லை, மக்குனதைத் தின்னுட்டுப் போயிடும். தொட்டியில எந்தப் பூஞ்சை வந்தாலும் தெருவே என்கிட்டதான் கேக்குது."

"இன்னைக்கு யார் கேட்டாங்க?"

"எதிர்வீட்டுப் பரிமளா. புதினாத் தொட்டியில காளான் முளைச்சிருக்குன்னு பறிச்சிட்டு வந்தா. சாப்பிடுற காளான்தான், தாராளமா சமைக்கலாம்னு சொன்னேன். எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போனா."

துண்டின் முடிச்சை அவிழ்த்து நீட்டினார். வெள்ளைக் குடை. மேலே பழுப்புச் செதில்கள்.

அம்மையார் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார்.

ஒரு துண்டு கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

ஞானசிகாமணியின் கை தானாக வீசியது. காளான் துண்டு தெறித்துக் கைப்பிடிச் சுவரில் பட்டு விழுந்தது.

குருவின் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

ஞானசிகாமணி தன் கையையே பார்த்தார். குருவை அடித்த கை.

"ஏன் தட்டிவிட்டீங்க?"

"ஒருவேளை…"

"சொல்லுங்க."

"ஒருவேளை விஷமா இருந்துட்டா?"

"இந்த ஒருவேளையைப் பரிமளாகிட்ட சொன்னீங்களா?"

ஞானசிகாமணி திரும்பி ஓடினார்.

படிகளில் விழுந்தடித்து இறங்கினார். செருப்பு போடவில்லை. தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெங்காயமும் மிளகும் வதங்கிய வாசனை வாசல்வரை வந்தது.

கூடத்தில் இரண்டு பெண் குழந்தைகள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பரிமளா கரண்டியோடு நின்றாள். சின்னவள் ஒரு வாய் பிசைந்து கையில் எடுத்திருந்தாள்.

அவர் குழந்தையின் கையைத் தட்டிவிட்டார். இரண்டு தட்டுகளையும் இழுத்துக்கொண்டார். சோறு தரையெல்லாம் சிதறியது.

சின்னவள் வீறிட்டு அழுதாள்.

"சாப்பிட்டாங்களா?"

"இப்பதான் போட்டேன். யாரும் வாயிலகூட வைக்கல. என்ன சார் இது?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

பரிமளாவின் முகம் வெளுத்தது.

"நீங்கதானே நல்ல காளான்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்போ இது என்ன காளான்?"

இரண்டு குழந்தைகளும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா."