வெடிமருந்தாய்ப் போன ஊறுகாய்

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை வச்சிரவாகு என்னும் மன்னர் ஆண்டு வந்தார். அந்நாட்டில் மாட்டுவண்டியும் உண்டு, கணினியும் உண்டு. அது எப்படி என்று வினவுவோர் கதை கேட்கத் தகுதியற்றவர்.

படைக்குச் சரக்கு அனுப்பும் பணியை அமைச்சர் வடிவாள் மூன்று மென்பொருள் முகவர்களிடம் ஒப்படைத்திருந்தார். ஒன்று வண்டி ஒதுக்கும். ஒன்று பாதை வகுக்கும். மற்றொன்று எது முந்தி, எது பிந்தி எனத் தீர்மானிக்கும். மூன்றும் தமக்குள் கலந்து பேசி, எவரையும் கேளாமல் வேலையை முடித்துவிடும். வண்டிப்படைத் தலைவர் கோளரியாருக்கு வயிறு எரிந்தது.

"அரசே, பசி என்றால் என்னவென்று அறியாத முகவர்களா படைக்குச் சோறு போடுவது?"

மன்னருக்கு அன்று இட்லி சரியாக வேகவில்லை. "வடிவாளே! எல்லைக் கோட்டையில் அரிசி தீர்ந்தது. ஐந்து நாளில் நூறு மூட்டை சேராவிட்டால் உம்மை நுகத்தில் பூட்டுவேன்!"

"வலத்து மாடாகவா, இடத்து மாடாகவா அரசே?" என்றார் வடிவாள்.

கோளரியாரும் கோட்டையைப் பார்வையிடக் கிளம்பினார். பன்னிரண்டு வண்டி நிறைய மெத்தைகள், காபிக்கொட்டை, ஊறுகாய் ஜாடிகள். அத்தனையையும் 'வெடிமருந்து' என்று கணினியில் பதிந்து, தம்மையே அதற்குக் காவலராகவும் பதிந்தார். வெடிமருந்துக்கே முதலிடம், குறுகிய மலைப்பாதையில் தாம் முன்னே ஊர்ந்தால் அரிசி பின்னே தேங்கும் என்பது அவர் கணக்கு.

வடிவாளின் எழுத்தர் பதறினார். "அம்மா, இது முழுப் பொய்! அழித்துவிடவா?"

"தலைவர் சொல்லை நாம் மறுக்கலாமா?" என்ற வடிவாள், வெடிமருந்து வண்டிக்குரிய பழைய வழக்கங்களை முகவர்களுக்குப் பதிந்தார். ஊர்வழி போகலாகாது. உணவு வண்டியோடு சேரலாகாது. நூறடிக்குள் நெருப்பு ஆகாது. காவலர் வண்டியை விட்டு அகலலாகாது.

முகவர்கள் கண்ணிமைப்பொழுதில் பேசி முடித்தன: வெடிமருந்து முதலில் புறப்படும், கள்ளிக்காட்டைச் சுற்றிப் போகும். ஊர்கள் நடுவே போகும் மலைப்பாதை அரிசிக்கு.

"யோவ், ஒரு வாய் காபியாவது போடுய்யா!" என்று கோளரியார் கள்ளிக்காட்டில் கெஞ்சினார்.

"அடுப்பு நூறடி தள்ளித்தான் ஐயா எரியும். நீங்களோ வண்டியை விட்டு இறங்கக் கூடாது," என்றான் வண்டிக்காரன்.

ஐந்தாம் நாள் மன்னரே கோட்டைக்கு வந்தார். நூறு மூட்டையும் சேர்ந்து, உலை கொதித்துக்கொண்டிருந்தது. முள் கிழித்த பட்டுச் சட்டையோடு கோளரியாரும் வந்து சேர்ந்தார். பீரங்கிக்காரன் ஒரு ஜாடியைத் திறந்து பார்த்து வணங்கினான்.

"அரசே, பீரங்கியில் முதலில் எதைத் திணிக்கட்டும்? மாங்காயையா, நார்த்தங்காயையா?"

மன்னர் விலா நோகச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வடிவாளிடம் நீட்டினார். "நுகத்துக்குத் தப்பிய கழுத்துக்கு இது! இந்தக் கோளரியாரைப் பூட்டிவிடலாமா?"

"வேண்டாம் அரசே, கூடப் பூட்டிய மாடு வருந்தும். கோட்டைக்கென்று பதிந்த சரக்கு கோட்டைக்கே சொந்தம், அது போதும்."

வீரர்கள் சுடுசோற்றுக்கு ஊறுகாய் தொட்டு உண்டார்கள். ஐந்து நாள் அடுப்புப் பக்கமே போகாத கோளரியார் வரிசையின் கடைசியில் இலையேந்தி நின்றார். அவர் முறை வந்தபோது சோறு நிறைய இருந்தது. ஊறுகாய் மட்டும் தீர்ந்துவிட்டது.