பன்னிரண்டு மாடிக் கிணறு

கொன்றையூர் ராஜ்யத்தில் வீடு வாங்கக் கடன் கேட்டால் கஜானாவிலிருந்து தாராளமாகக் கொடுப்பார்கள். வாங்குகிற வீடுதான் அடமானம். தீ, வெள்ளம், இடி எது வந்தாலும் ஈடுகட்ட அந்த வீட்டுக்கு ஒரு காப்பு ஓலையும் எடுக்க வேண்டும். ஓலை இல்லையா, கடனும் இல்லை. இதுவரை நியாயம்தான். ஆனால் ஓலை எழுதுகிற நாற்காலியில் கோவிந்தராயர் உட்கார்ந்திருந்தாரே, அங்கேதான் வந்தது வினை!

அரண்மனை வாசலில் பணியாரம் சுட்டு விற்கிற தெய்வானை ஒரு ஓட்டு வீட்டுக்கு விலை பேசியிருந்தாள். ஒற்றை அறைதான். ஆனால் கொல்லையில் கிணறு! பத்து வருஷமாக ஆற்றுத் தண்ணீர் சுமந்து இடுப்பொடிந்தவளுக்கு அந்தக் கிணறுதான் வீடே. பௌர்ணமிக்குள் ஓலை காட்டாவிட்டால் வீடு கைமாறிவிடும். அடுத்தபடியாக அதை வாங்கக் காத்திருந்தவர் யார் தெரியுமா? ராயரின் மைத்துனர். இப்போது புரிகிறதா?

ராயர் வந்து வீட்டை ஒரு தடவை பார்த்தார். கிணற்றை ஏழு தடவை எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம்?"

"பன்னிரண்டு ஆள் ஆழம், சாமி."

"அப்படியானால் இது பன்னிரண்டு மாடி வீடு. கீழ்நோக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா மாடிக்கும் காப்புக் கட்டணம் உண்டு. கூரை இல்லை, அதற்குத் தனி. கதவும் இல்லை. திருடன் புகுந்தால்?"

"கிணத்துக்குள்ள திருடன் விழுந்தா நாமதான சாமி அவனைக் காப்பாத்தணும்!"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினாய். அதற்கும் ஒரு கட்டணம் போடுகிறேன்."

ராயர் எழுதிய ஓலையின் நகலைத் தூக்கிக்கொண்டு தெய்வானை மாசிலாமணியிடம் ஓடினாள். அவர் மன்னரின் ஆலோசகர். அவள் கடையில் தினமும் பணியாரம் தின்கிறவர். மென்றுகொண்டே ஓலையைப் படித்தார். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

"பேசாமல் சம்மதம் சொல்லிவிடு."

"ஐயோ, இவ்வளவு கட்டணத்துக்கு என் தோடு போயிடுமே!"

"தோடு திரும்பி வரும். ராயர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாதே."

அழுதுகொண்டே தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஓலை வந்தது, வீடும் வந்தது. மறுநாள் சபையில் மன்னர் தினகரவர்மர் உட்கார்ந்ததுதான் தாமதம், தெய்வானை தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"மகாராஜா! என் வீட்டுல வெள்ளம்! கீழே ஆறு மாடி முழுகிடுச்சு!"

மன்னர் பதறி எழுந்தார். "மழையே பெய்யவில்லையே! யாராவது மாட்டிக்கொண்டார்களா?"

"ஒரே ஒரு தவளை, மகாராஜா."

"மன்னா, அது கிணறு!" என்று ராயர் அலறினார். "கிணற்றில் தண்ணீர் இருக்காதா?"

"காலையில பத்துக் குடம் இறைச்சேன் மகாராஜா. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள மறுபடியும் புகுந்துடுச்சு!"

மாசிலாமணி மெல்ல எழுந்து ஓலையைப் படித்தார். "'எந்த மாடியில் நீர் புகுந்தாலும், அதை முற்றிலும் உலர்த்தித் தருவது ஓலை எழுதிய அதிகாரியின் பொறுப்பு.' கீழே ராயரின் முத்திரை இருக்கிறது, மன்னா."

மன்னரின் மீசை துடித்தது. கோபத்தில் அல்ல. "பன்னிரண்டு மாடிக்கும் கட்டணம் வாங்கினீரல்லவா? போய் உலர்த்தும்!"

பாவம் ராயர்! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறைத்தார். இறைக்க இறைக்க ஊற்று சுரந்தது. விஷயம் தெரிந்ததும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். "அண்ணே, இங்கே ஒரு குடம்!" "எனக்கு ரெண்டு!" சாயங்காலம் மன்னர் பார்க்க வந்தபோது ராயரின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"மன்னா! இது மாடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! வெறும் கிணறு! தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு மட்டும் நியாயமாக வேறு ஓலை எழுதித் தருகிறேன். என்னை விட்டுவிடுங்கள்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசிலாமணிக்கு ஆயுள் முழுக்க அரண்மனைச் செலவில் பணியாரம் என்று அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு, "சரி ராயரே, கயிற்றைக் கீழே போடும்" என்றார்.

தெய்வானை தோட்டைக் காதில் திருகிக்கொண்டே சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்க மகாராஜா. கடைசி வீட்டக்கா குடம் இன்னும் நிறையலை."