கரடிமலை ராஜா கொறித்த வறுவல்

கொறிகோட்டை என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம்; எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் கரைந்துபோயிற்று.

அந்த நாட்டு ராஜா வீரபோகருக்குப் போரிலே பிரியமில்லை, வேட்டையிலே பிரியமில்லை. பால் மறந்த நாளிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் ஒன்றுதான். அதுவும் மேலே ஏதாவது பொடி தூவியிருந்தால்தான் வாயைத் திறப்பார். சீனத்துக் கப்பல் வந்தால் வெள்ளரிக்காய்ச் சுவை. ஜப்பான்காரன் வந்தால் கடற்பாசி. ருஷ்யாக்காரன் நண்டு, இங்கிலாந்துக்காரன் இறால். ஒருத்தன் காப்பிச் சுவையில்கூடக் கொண்டுவந்து கொட்டினான். நண்டு வறுவல் நண்டைக் கண்டதில்லை, இறால் வறுவல் கடலைக் கண்டதில்லை. அதனால் என்ன? ராஜா 'ஆகா' என்றால் சபையும் 'ஆகா'.

கப்பல் வராத நாளில் அந்த நாக்கைச் சமாளிக்க வேண்டியவர் மடைப்பள்ளித் தலைவர் அடைக்கலம். மனுஷர் கருவாட்டுச் சுவை போட்டார், பஞ்சாமிர்தம் போட்டார், புது மழை பெய்த மண்வாசனை போட்டார். பட்டத்து யானை குளித்துவிட்டு வந்து நிற்கும் வாசனையைக்கூட விடவில்லை. அதை ராஜா இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

இதற்கு நடுவில் ஒரு கல் விழுந்தது. ராஜா தின்னுமுன் விஷம் இருக்கிறதா என்று மந்திரி மாதவராயர் தின்று பார்ப்பது அரண்மனை வழக்கம். மந்திரிக்கு ஒரு மச்சினன். அவனுக்கு மடைப்பள்ளி வேலைமேல் ஒரு கண். ஆகவே கொஞ்ச நாளாக எதை வைத்தாலும் மந்திரி ஒரு கடி கடிப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார்.

"பழசு, மகாராஜா. இதை எப்போதோ தின்றாகிவிட்டது."

தட்டு அப்படியே திரும்பிவிடும். பசித்த ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறிற்று.

"அடைக்கலம்! நாளைச் சபையில் நான் தின்னாத சுவை ஒன்று வர வேண்டும். மந்திரி வாயாலேயே 'புதுசு' என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு எல்லை தாண்டி நட!"

அடைக்கலம் அரண்மனை விகடகவி உத்தண்டியின் வீட்டுக்கு ஓடினார். ராஜாவைச் சபையிலேயே கிண்டல் செய்துவிட்டுத் தலையோடு வீடு திரும்புகிற ஒரே ஆள் உத்தண்டிதான்.

"சாமி, அந்த மந்திரி வாயிலிருந்து 'புதுசு'ன்னு வரவே வராது. அமிர்தத்தையே கடைஞ்சு குடுத்தாலும் 'நேத்துக் கடைஞ்சது'ம்பார்."

"வரும் ஓய். கெஞ்சிக் கதறி வரும்" என்ற உத்தண்டி, அவர் காதில் ஏதோ சொன்னார்.

அடைக்கலத்தின் முகம் வெளுத்துவிட்டது. "இதையா? இதை வச்சா எல்லை தாண்ட விடமாட்டாங்க சாமி, கழுவிலே ஏத்திடுவாங்க!"

"உம்ம தலைக்கு நான் பொறுப்பு."

"உங்க தலைக்கு?"

"அதுக்கு நீர் பொறுப்பு. போய் வறும்."

மறுநாள் சபை கூடிற்று. அடைக்கலம் வெள்ளித் தட்டை நீட்டினார். மந்திரி ஒரு வறுவலை எடுத்தார், கடித்தார். புருவம் நெளிந்தது. நண்டு இல்லை, பூண்டு இல்லை, யானையும் இல்லை. நாக்கில் ஒன்றுமே ஏறவில்லை. நாக்கு செத்துவிட்டதோ? ருசி பார்க்கிறவன் அதை வெளியில் சொல்லலாமா? பிழைப்புப் போய்விடாதா? ஆகவே வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார்.

"பழசு! படு பழசு! எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன்!"

அடைக்கலம் மனசுக்குள்ளே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். உத்தண்டி நிதானமாக எழுந்தார்.

"நிச்சயமாகத் தின்றிருக்கிறீரா, மந்திரியாரே?"

"வயிறு முட்டத் தின்றிருக்கிறேன், போதுமா?"

"போதும். மகாராஜா, நம் ஜன்ம விரோதி கரடிமலை ராஜா தன் அந்தரங்க அறையில் உட்கார்ந்து கொறிப்பது இந்த வறுவலைத்தான். நம் சபைக்கு இது இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறது. மந்திரியாரோ வயிறு முட்டத் தின்றிருக்கிறார். எந்த ஊரில் தின்றார்? யார் பரிமாறினார்கள்?"

ராஜாவின் கை வாளைத் தேடிற்று. அது இடுப்பில் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் மந்திரி தரையில் கிடந்தார்.

"ஐயோ மகாராஜா! குலதெய்வத்தின் மேல் ஆணை! இந்தச் சுவை என் நாக்கில் பட்டதே இல்லை!"

"இப்போதுதானே வயிறு முட்ட என்றீர்?" என்று மடக்கினார் உத்தண்டி.

"புளுகிவிட்டேன்! புதுசு, மகாராஜா! புத்தம் புதுசு! என் ஏழு தலைமுறையும் தின்னாத புதுசு!"

"கேட்டுக்கொள்ளும், அடைக்கலம்" என்றார் உத்தண்டி. "உமக்காக இத்தனை பேர் சாட்சி."

ராஜா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மொறுக். இன்னொன்று. அப்புறம் கை நிறைய. தட்டில் பாதி காலியான பிறகுதான் பேச்சு வந்தது.

"அடடா! இப்படியும் ஒரு சுவையா? எந்தத் தேசத்துப் பொடி இது? அந்தக் கரடிமலையான் அப்படி என்னதான் போடுகிறான்?"

உத்தண்டி முழங்கையால் இடித்தார். அடைக்கலம் ஓரடி முன்னால் வந்தார்.

"பொடி ஒண்ணும் இல்லீங்க மகாராஜா. உப்பு மட்டுந்தான். அவங்களுக்குப் பொடி வாங்க வக்கில்லீங்க. இது... உருளைக்கிழங்குச் சுவைங்க."

ராஜா கையிலிருந்த வறுவலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழங்குக்கே ஒரு சுவை உண்டா? இத்தனை வருஷமாக ஒரு பயல் என்னிடம் சொல்லவில்லையே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று தட்டில் விழுந்தது. கழுத்து முத்துமாலை அடைக்கலத்துக்குப் போயிற்று. ருசி பார்க்கும் வேலை மந்திரியை விட்டுப் போயிற்று. மீதி வறுவலை உத்தண்டி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் துறைமுகத்தில் ஒரு வியாபாரி கடை விரித்துவிட்டான். கொறிகோட்டை ஜனம் முழுக்க அங்கேதான் நின்றது. அவன் விற்றது வேறொன்றுமில்லை: வறுவலின்மேல் தூவிக்கொள்ள, அசல் உருளைக்கிழங்குச் சுவைப் பொடி.