ஊரே கூப்பிட்ட ஸ்டாண்டு

தெற்கே ஒரு ஊரில் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அந்த ஸ்கூட்டரின் இடது பக்கம், அடிவயிற்றை ஒட்டி, ஒரு சைடு ஸ்டாண்டு இருந்தது. ஒரு முழம்கூட நீளமில்லாத இரும்புக் கால்தான். ஆனால் அதற்கிருந்த தலைக்கனத்தைத் தாங்கிப் பிடிக்கத் தனியாக இன்னொரு ஸ்டாண்டு வேண்டும்.

தலைக்கனம் சும்மா வரவில்லை. ஸ்கூட்டர் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டுவதற்குள் ஊர் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடும்.

"எக்கா, ஸ்டாண்டு!" என்று டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கூவுவார். பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யம்மா, ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" என்பார். பூக்கட்டுகிற அம்மாள் வாயில் நாரைக் கடித்தபடியே இரண்டு கையையும் ஆட்டித் தரையைக் காட்டுவார். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். அத்தனை பேருக்கும் அதன் பேர் தெரிந்திருந்தது.

"பாத்தியால?" என்று ஸ்டாண்டு ஒருநாள் ஹாரனைச் சீண்டியது. "நீயும் விடிஞ்சதுலேருந்து தொண்ட கிழியக் கத்துத. யாராச்சும் ஒன்னத் திரும்பிப் பாத்து அன்பா ஒரு வார்த்த சொல்லிருக்காகளா?"

"திரும்பிப் பாக்காக," என்றது ஹாரன். "பாத்துட்டு அவுக சொல்லுத வார்த்தய வெளிய சொல்ல முடியாது."

ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரி ஆவுடைத்தங்கம். நாற்பத்து நாலு வயது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் அங்கன்வாடி டீச்சராக இருந்தாள். அந்த ஊருக்குப் போகும் ஒரே பஸ் ஒன்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேரும். பிள்ளைகளோ எட்டரைக்கே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். தாமதமாக வந்ததற்கு அவள் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அதற்குப் பயந்துதான் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி, மில்லுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் ஒரு மாதம் உருட்டோ உருட்டென்று உருட்டி, ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அவள் புருஷன் சங்கரபாண்டிக்கு இதில் இஷ்டமே இல்லை. அவன் தறி ஓட்டுகிறவன். மனைவி மேல் உயிரையே வைத்திருந்தான். அதை வாயால் சொல்லத் தெரியாமல், "ஒரு தடவ நீ விழுந்தேன்னு கேட்டேன், மறுநாளே வண்டிய வித்துருவேன். எனக்கு வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று திட்டிக்கொண்டிருந்தான். வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். ஆகவே ஆவுடைத்தங்கம் ஒருமுறைகூட விழக் கூடாது. விழுந்தால் எலும்பும் போகும், வண்டியும் போகும், வண்டியோடு வேலையும் போகும்.

அவள் வண்டியை நன்றாகத்தான் வைத்திருந்தாள், அவள் நினைப்பில். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாள். ஹெட்லைட்டுக்குச் சந்தனம், குங்குமம். ஹாண்டில்பாருக்கு ஒரு முழம் கதம்பம். ஊதுபத்தி காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவாள். ஹெட்லைட்டுக்கு இதில் ரொம்பப் பெருமை. ஆனால் ஊற்றிய தண்ணீர் சகதியையெல்லாம் அடித்துக்கொண்டு போய் ஸ்டாண்டின் மூட்டில்தான் சேர்த்தது. அந்த மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் வாரக் கணக்கில் முனகிக்கொண்டிருந்தது. கிரீச், கிரீச் என்று அது அழுவதை, இந்த வண்டியின் குரலே இப்படித்தான் போல என்று ஆவுடைத்தங்கம் எடுத்துக்கொண்டாள்.

"யப்பா ஸ்டாண்டு," என்றது ஸ்பிரிங். "ஒம் மூட்டெல்லாம் துருவும் சகதியும். ஒன்ன இழுத்து இழுத்து எனக்கு ஒடம்பே நீண்டு போச்சு. அவ ஒன்ன மேல தள்ளிட்டுத்தான் கெளம்புதா. முதல் வேகத்தடையில நீ பொத்துன்னு எறங்கிருத."

"எறங்கினா என்ன? சனங்க என்னப் பாக்கணும்லா? நீ ரொம்பச் சிரமப்படாத. கொஞ்சம் விட்டுக்குடு."

"நான் எங்க விட்டுக்குடுக்கேன்? முடியலைங்கேன்!"

இடது பக்கக் கண்ணாடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி கடந்து போன பிறகு பின்னால் நடப்பதைப் பார்ப்பது அதன் தொழில். அதனால் அதற்கு ஊர் சங்கதி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

"ஏ ஸ்டாண்டு, அவுக ஒண்ணும் ஆசையாக் கூப்பிடலை. மொகத்தப் பாத்தா பயந்துபோயில்லா கூப்பிடுதாக."

"அது பயமில்லக்கா, பக்தி."

"சரிதான். அவ ஒன்ன காலால மேல தள்ளினதும் எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடுதாகளே, அது என்ன?"

"என்னப் பாக்க முடியலையேங்கிற ஏக்கம்," என்றது ஸ்டாண்டு.

கண்ணாடி மறுபடி பின்னால் தெருவைப் பார்க்கத் தொடங்கியது. இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேச?

ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று பிள்ளைகளுக்கு முட்டை போடுகிற நாள். இரண்டு அட்டைத் தட்டு, அறுபது முட்டை. ஆவுடைத்தங்கம் அவற்றைப் பின் சீட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினாள். ஹெல்மெட்டை மாட்டி வாரையும் இறுக்கினாள். ஸ்டாண்டைத் தள்ளிவிட்டாள். கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கு ஊருக்குள் ஸ்டாண்டு தானாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஊர் எல்லையில் கடைசி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. ஸ்டாண்டு முழுசாகக் கீழே இறங்கி நின்றது.

"ஆகா!" என்றது ஸ்டாண்டு. "இப்பக் கூப்பிடட்டும்."

கூப்பிட ஆளில்லை. இரண்டு பக்கமும் வயல். வயலில் கொக்கு. வரப்பில் நாலு ஆடு. ஆடுகள் ஸ்டாண்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல் மேயப் போய்விட்டன.

சிற்றூர் ரோட்டுக்குப் பிரியும் இடத்தில் வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. சர்ரென்று ஒரு சத்தம். ஸ்டாண்டின் நுனி ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது.

"எவன்டே அது, என் தோல உரிக்கது?" என்று கேட்டது ரோடு.

"நாந்தான், ஸ்டாண்டு. என்னத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

"தெரியாம என்ன? எனக்கு எத்தனையோ ஸ்டாண்டுகளத் தெரியும். எல்லாம் வண்டியோட கவுந்து எம்மேல கெடந்தவனுகதான்."

ஸ்டாண்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது சின்னத் திருப்பம், தப்பிச்சுட்ட," என்றது ரோடு. "குளத்துக்கரையில ஒரு இடது வளைவு இருக்கு. அங்க வண்டி நல்லாச் சாயும். நீ என்னக் குத்துவ, வண்டி எந்திரிக்கும், அவ பறப்பா. கரைக்கு அந்தப் பக்கம் கல்லு. எனக்கும் இது பிடிக்கல. ஆனா நான் எங்கயும் நகர முடியாதே."

அப்போதுதான் ஸ்டாண்டு முதன்முதலாக அண்ணாந்து பார்த்தது. தலைக்கு மேலே ஆவுடைத்தங்கம் சின்னக் குரலில் பாடிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு. முகத்தில் காற்றடித்தால் அவளுக்குப் பாட்டு வந்துவிடும். பதினைந்து வருஷம் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவள் அவள்.

"ஸ்பிரிங்கு, இழு!" என்றது ஸ்டாண்டு.

"தெம்பு இருந்தா இழுக்க மாட்டனா," என்று ஸ்பிரிங் அழுதது.

"ஹாரன், நீயாவது கத்தேன்!"

"அவ அழுத்தினாத்தானே கத்துவேன். நானா எப்பக் கத்திருக்கேன்?"

யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஸ்டாண்டு தவித்தது. தனக்காக இல்லை. சத்தியமாகத் தனக்காக இல்லை.

எதிரே ஒரு மொபெட் வந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர். பின்னால் மலைபோல வாழையிலைக் கட்டுகள். கடந்து போய்விட்டார்.

"போயிட்டாரா?" என்றது ஸ்டாண்டு.

"இரு," என்றது கண்ணாடி. "திரும்பிப் பாக்காரு. வண்டியத் திருப்புதாரு. ஒரு கட்டு கீழ விழுந்துட்டு. அதக்கூட எடுக்கல. நம்ம பின்னாலதான் வாராரு!"

ஆனால் அதே கண்ணாடியில் ஆவுடைத்தங்கமும் பார்த்தாள். ஆளில்லாத ரோடு. கடந்து போன ஆம்பிளை வண்டியைத் திருப்பிக்கொண்டு துரத்துகிறான். அவள் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைத் தொட்டது. பாட்டு நின்றது. ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

"ஐயோ, அவ ஓடுதா!" என்று கண்ணாடி அலறியது. "தப்பாப் புரிஞ்சுக்கிட்டா!"

மொபெட் இலைக்கட்டோடு திணறிக்கொண்டு பின்னால் வந்தது. அவர் ஏதோ கத்தினார். இரண்டு எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் முறுக்கினாள். வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே ரோட்டோரம் கல்லும் தெரிந்தது.

அப்போது அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். தான் துரத்தத் துரத்த அவள் ஓடுகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மொபெட்டைச் சட்டென்று நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, நடுரோட்டில் நின்றுவிட்டார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பினார்.

"ஸ்டாஆஆண்டு!"

அந்த வார்த்தை வயலைத் தாண்டி, கொக்குகளைக் கிளப்பிவிட்டு, ஹெல்மெட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆவுடைத்தங்கத்தின் கை தளர்ந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பக்குவமாகப் பிடித்தாள். வண்டி குலுங்கிக்கொண்டு, வளைவுக்குப் பத்தடி முன்னால் நின்றது. பின்னால் மூன்று முட்டை உடைந்த சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். ஸ்டாண்டு முழுசாகக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாக நடந்து வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"பயந்துட்டியா தாயி? நான் கெட்டவன் இல்ல."

"அண்ணாச்சி, நான் என்னமோ ஏதோன்னு நெனச்சிட்டேன்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நல்ல வேள, சொன்னீய."

"என் தங்கச்சி மவ இப்படித்தான் ஒரு வளைவுல விழுந்தா. ஆறு மாசம் படுக்க. இப்பத்தான் நடக்கா." அவர் குனிந்து ஸ்டாண்டைத் தள்ளிப் பார்த்தார். அது மறுபடி தொங்கியது. "அடடா, ஸ்பிரிங்கே போச்சே!" என்று சொல்லி, மொபெட்டிலிருந்து வாழைநார் எடுத்து வந்து ஸ்டாண்டை வண்டியோடு இறுக்கிக் கட்டினார். "போற எடம் வரைக்கும் மெதுவாப் போ. சாயங்காலமே மெக்கானிக்கிட்ட காட்டிரு. ஓடும்போது காலால இதத் தள்ளாத, நிறுத்திட்டுத் தள்ளு."

பிறகு கீழே விழுந்த இலைக்கட்டைத் தேடிப் போய்விட்டார்.

ஆவுடைத்தங்கம் சரியாக எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. உடைந்த மூன்று முட்டையை உடனே பொரித்துப் போட்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் எதையும் மறைக்கவில்லை. சங்கரபாண்டி கேட்டு முடித்து, அவள் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விழலைல்லா?" என்றான் கடைசியில்.

"விழல."

"பெறகு என்ன? வா, மெக்கானிக்கிட்ட போவோம். நீ போகலன்னா அந்தப் பிள்ளைகளுக்கு எவன் முட்ட கொண்டு போவான்?"

மெக்கானிக் சகதியைச் சுரண்டி எடுத்தார். புது ஸ்பிரிங் மாட்டினார். மூட்டில் எண்ணெய் விட்டார். "இனிமே பொட்டு வைக்கதுக்கு முன்னாடி இங்க ரெண்டு சொட்டு எண்ணெ வைங்க டீச்சர்," என்றார். பழைய ஸ்பிரிங்கைத் தகர டப்பாவில் போட்டார். அது அங்கே நிம்மதியாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை வேகத்தடைகள் எல்லாம் வந்தன, போயின. ஸ்டாண்டு அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றினார். பஸ் ஜன்னலில் ஒருவர் தூங்கினார். பூக்காரம்மாள் பூக்கட்டினார். ஒருவரும் கூப்பிடவில்லை.

"என்ன, வருத்தமா?" என்று கேட்டது கண்ணாடி.

"வருத்தமில்லக்கா. ஒண்ணுதான் வெளங்கல. நேத்து அந்த அண்ணாச்சி கிட்ட வந்ததும் மொதல்ல என்னப் பாக்கல. அவ மொகத்தத்தான் பாத்தாரு. நெனச்சுப் பாத்தா இத்தன நாளும் எல்லாரும் அவளத்தான் பாத்திருக்காக. அப்படின்னா எதுக்கு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக?"

"வேற என்ன செய்வாக?" என்றது கண்ணாடி. "அவ பேரு அவுக யாருக்கும் தெரியாதுல்லா."