சீனத்து மகாராஜாவும் ஒரு வெற்றிலைக் கடனும்

தொண்டையப்பனுக்கு முதலில் தீங்கு செய்தவன் அரண்மனையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கோளப்பன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

முத்தந்துறை மகாராஜா மகரவீரரின் சபைக்குத் தினமும் காலையில் வெற்றிலைத் தட்டு வரும். முதல் வெற்றிலை, சபையைச் சிரிக்க வைக்கும் தொண்டையப்பனுக்கு. இருபத்தேழு வருஷமாக அதுதான் முறை. சீனக் கப்பலில் போய்த் திரும்பிய கோளப்பன், வந்த அன்றைக்கே குறுக்கே கையை நீட்டினான். முதல் வெற்றிலையை எடுத்தான். மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அடடா, உங்களுடையதா? நாளைக்குத் திருப்பித் தந்துடறேன் ஐயா" என்றான், மென்றுகொண்டே.

மறுநாள் தட்டே வரவில்லை. ஏனென்றால் ராத்திரியோடு ராத்திரியாக மகாராஜா சீனராகிவிட்டார்.

கோளப்பன் கொண்டுவந்த பட்டு அங்கியும் பீங்கான் கிண்ணங்களும் சீனத்து மாளிகைகளைப் பற்றி அவன் அளந்த கதைகளும் செய்த வேலை அது. மகாராஜா கழுத்து முதல் கணுக்கால் வரை பட்டைச் சுற்றிக்கொண்டு, சித்திரை மாதத்து வெயிலில் ஆறாக வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உடம்புதான் இங்கே பிறந்துவிட்டது. உள்ளம் சீனம்" என்றார்.

"உங்கள் நடையே அந்த ஊர் நடை மகாராஜா. போன ஜென்மத்தில் அங்கே பிறந்திருப்பீர்கள்" என்றான் கோளப்பன்.

"இன்று முதல் இந்தச் சபை சீனத்துச் சபை. கைகூப்பக் கூடாது, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். வெற்றிலை கிடையாது. நம்ம ஊர்ப் பழக்கம் எதையாவது இந்தச் சபையில் எவன் காட்டினாலும், அவன் நாட்டை விட்டே வெளியேற வேண்டும்!"

சபை குனிந்தது. குனிந்த சேனாதிபதி நிமிரவில்லை. இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள்.

கோளப்பன் நேராகத் தொண்டையப்பனிடம் வந்தான். கையில் ஆவி பறக்கும் தேயிலைத் தண்ணீர்.

"முதல் கிண்ணம் உங்களுக்குத்தான் ஐயா. மரியாதை!"

தொண்டையப்பன் மனசுக்குள் அந்த வெற்றிலைதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பிலேயே கிண்ணத்தை வாங்கினான். பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்து எச்சில் பண்ணாதவன். கை தானாக மேலே போயிற்று. தலை தானாக அண்ணாந்தது. கொதிக்கும் தேயிலைத் தண்ணீர் பாதி தொண்டையிலும் பாதி மூக்கிலும் இறங்கியது.

"ஐயோ அம்மா!"

"பார்த்தீர்களா மகாராஜா, அண்ணாந்து குடிக்கிறான்! 'ஐயோ அம்மா'வும் நம்ம ஊர்தான். இரண்டு குற்றம்!" என்று துள்ளினான் கோளப்பன்.

மகாராஜாவின் முகம் வாடியது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். "தொண்டையப்பா, விதி எல்லாருக்கும் ஒன்றுதான். நாட்டை விட்டு வெளியேறு."

தொண்டையப்பன் திகைத்தான். அறுபது வயதுக்கு மேல் எந்த ஊரில் போய் இந்த நாக்கை வைத்துப் பிழைப்பது? பக்கத்து நாட்டு ராஜாவுக்கோ சிரிப்பே வராது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கோளப்பனைப் பார்த்தான். கோளப்பன் உதட்டில் இன்னும் அந்த வெற்றிலைச் சிவப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் கலக்கம் போய்விட்டது.

"விதி எல்லாருக்கும் ஒன்றா மகாராஜா?"

"எல்லாருக்கும். எனக்கும்தான்."

"அப்படியானால் சரி." அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டான். நாலடி நடந்தான். வாசலில் நின்று திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அப்போ, போயிட்டு வர்றேன் மகாராஜா."

மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தேழு வருஷப் பழக்கம் அல்லவா?

"ம்... போயிட்டு வாப்பா. வெயிலா இருக்கு, பார்த்துப் போ."

தொண்டையப்பன் வாசற்படியைத் தாண்டினான். அதே காலைத் திருப்பி உள்ளே வைத்தான். நேரே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"என்னய்யா இது?"

"உத்தரவுப்படி போனேன். உத்தரவுப்படி வந்துவிட்டேன்."

"நான் எப்போது வரச் சொன்னேன்?"

"'போயிட்டு வா' என்றீர்களே, சபையே கேட்டது."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்வது! நம்ம ஊரில் கிளம்புகிறவர்களிடம் அப்படித்தானே சொல்வோம்? வெறும் 'போ' என்றால் அபசகுனம் ஆயிற்றே!"

"ஓ, நம்ம ஊர்ப் பழக்கமா?" தொண்டையப்பன் சட்டென்று எழுந்தான். "அப்படியானால் எழுந்திருங்கள் மகாராஜா, சேர்ந்தே வெளியேறுவோம். எனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. பழக்கம் இல்லை, உத்தரவுதான் என்றால் சொல்லுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்."

கோளப்பன் முந்திக்கொண்டான். "மகாராஜா, இப்போதாவது 'போ' என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுங்களேன்!"

"சீ! வீட்டை விட்டுக் கிளம்புகிற மனுஷனைப் பார்த்து எவனாவது வெறும் 'போ' என்பானா? வாயில் வருமா அது?" என்று சீறினார் மகாராஜா. சீறிய பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. ஒரு கணம் விழித்தார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் பட்டு அங்கியின் முடிச்சு தெறித்தது. அவிழ்த்துத் தொண்டையப்பன் மேலேயே போட்டார்.

"நீயே வைத்துக்கொள். அந்த ஊர்ப் பட்டும் அழகு, தேயிலைத் தண்ணீரும் ருசி. அதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். ஆனால் எனக்கும் இனிமேல் ஆற்றித் தாருங்கள், அண்ணாந்துதான் குடிப்பேன்."

வெற்றிலைத் தட்டு மறுபடி வந்தது. முதல் வெற்றிலை தொண்டையப்பனுக்கே வந்தது. அவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"இது இன்றைய கணக்கு. அன்றைக்கு எடுத்தது எங்கே, ஓய் கோளப்பரே?"

கோளப்பன் செருப்பைத் தேடினான். "கொஞ்சம் வேலை இருக்கு ஐயா. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

வருகிறேன் என்று சொல்லிப் போனவன்தான். இன்றுவரை வரவில்லை. அந்த வெற்றிலையும் வரவில்லை.