பூதியின் கட்சி

மலைமேல் சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே தருக்கம் கற்பித்தவர் சாந்திமதிக் குரத்தியார் என்ற பெண் துறவி. அந்தச் சீமையில் பெண்களுக்கும் தருக்கம் சொல்லிக் கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

அதனால்தான் சைவக் குடும்பத்துப் பூதி அங்கே வந்து சேர்ந்தாள். பாடத்தில் கெட்டிக்காரி. தினமும் காலையில் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவாள்.

மூத்த மாணவன் மல்லிநாதனுக்கு அது பொறுக்கவில்லை. "திருநீற்றை அழிக்கட்டும், இல்லை மலையை விட்டு இறங்கட்டும்" என்றான்.

பூதி குரத்தியாரிடம் போனாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள், முடியவில்லை.

"அம்மா, சமணத்தை நம்பாதவளுக்கு இங்கே இடம் உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? வாதம் வைத்துப் பார்ப்போம்" என்றார் குரத்தியார்.

அந்தப் பள்ளியின் வாதத்துக்கு ஒரு விதி உண்டு. எதிராளியின் கட்சியை, அதாவது அவர் தரப்பை, முதலில் நாம் சொல்ல வேண்டும். "ஆமாம், என் கட்சி அதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். பொழுது சாய்ந்தால் அங்கே யாரும் உண்பதில்லை. ஆகவே சாப்பாட்டு மணிக்குள் வாதமும் முடிந்துவிடும்.

அன்று மாலை எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். மல்லிநாதன் மிடுக்காக எழுந்தான்.

"இவள் சோற்றுக்காக வந்தவள்."

"இல்லை. எங்கள் வீட்டுச் சோறு இதைவிட ருசி" என்றாள் பூதி.

மாணவர்கள் சிரித்தார்கள்.

"நம் தருக்கத்தைக் கற்று நாளைக்கு நம்மையே மடக்க வந்தவள்."

"இல்லை."

"வெறும் பிடிவாதக்காரி!"

"அது உண்மைதான். ஆனால் என் கட்சி அதுவல்ல."

மல்லிநாதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பூதி, நீ அவன் கட்சியைச் சொல்" என்றார் குரத்தியார்.

பூதி எழுந்தாள். மல்லிநாதனின் இடத்தில் நின்றே பேசினாள்.

"எறும்பு மிதிபடாமல் பார்த்துப் பார்த்து நடக்கிறோம். நம்மைக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள், நம் வினையை நாமேதான் தீர்க்க வேண்டும் என்று துணிந்து வாழ்கிறோம். அது லேசான காரியமா? அந்த இடத்தில் ஒருத்தி, காப்பாற்ற ஒருவன் இருக்கிறான் என்று நெற்றியில் பூசிக்கொண்டு வருகிறாள். சின்னப் பிள்ளைகள் மனம் ஆடிவிடும். பெரியவர்கள் மனமும் சில நாள் ஆடும். தனியாக நிற்கிற துணிச்சல் ஒன்றுதான் நம் சொத்து. அதை இவள் கரைக்கிறாள்."

அவள் பேசப் பேசக் குரல் நிமிர்ந்தது. பேசி முடித்தபோது வெளியே இருட்டியிருந்தது. மணி அடிக்க வேண்டியவனும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளி முழுவதும் அன்று பட்டினி. யாரும் முணுமுணுக்கவில்லை.

"அதுதான் என் கட்சி. எனக்கே இப்படிச் சொல்ல வராது" என்றான் மல்லிநாதன்.

மண்டபம் ஆரவாரித்தது. பூதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சத்தம் அடங்கியதும் மல்லிநாதன் கேட்டான்: "இவ்வளவு தெரிந்தும் நீ நம்பவில்லையா?"

"இல்லை அண்ணா."

அவன் குரத்தியாரைப் பார்த்தான். "இவளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது, அம்மா?"

குரத்தியார் பூதியின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வந்து இவன் எதிரே உட்கார். இவன் கட்சியை நீ சொல்லிவிட்டாய். பாவம், உன் கட்சியைச் சொல்ல இவன் இன்னும் உன்னைப் பார்க்கவே இல்லை."