சடையப்பன் போட்ட ஜாமீன்

ஏகாம்பரம் பொக்லைன் ஓட்டுபவர். சடையப்பன் அவருடைய சீடன். சீடன் என்றதும் காவி, கமண்டலம் எல்லாம் நினைக்க வேண்டாம். கிரீஸ் படிந்த பேன்ட், பதினான்கு வருடமாக ஒரே ஆளிடம் வேலை, அவ்வளவுதான். குருவுக்கு நாற்பத்து நான்கு வயது. சீடனுக்கு முப்பத்தெட்டு.

சங்ககிரிப் பக்கம் பொக்லைன் வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம். தொழில் கற்றுக் கொடுத்தவரைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்டவனுக்கு மரியாதை தெரியாது என்று பேர் வந்துவிடும்.

சடையப்பன் சொந்தமாக ஒரு பழைய வண்டி பேசியிருந்தான். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மனைவியின் வளையல் விற்ற பணம். வெள்ளிக்கிழமைக்குள் மீதியைத் தராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது.

புதன்கிழமை சேலத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு லோன் கிடைக்காது சார்."

"ஏம்மா? நான் யார்கிட்டயும் அஞ்சு பைசா கடன் வாங்கினதில்லையே."

"வாங்கல. ஜாமீன் போட்டிருக்கீங்க. ஏகாம்பரம்னு ஒருத்தருக்கு. அவர் கட்டல. அஞ்சு வருசமா உங்க கடன் ரிப்போர்ட்ல நிக்குது. ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்."

"அது அவர் கடன்தானேம்மா?"

"அவர் கட்டற வரைக்கும் உங்களுதும்தான் சார். முழுசாக் கட்டி, முடிஞ்சதுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், ஹெல்பராக இருந்தவன் ஆப்பரேட்டர் ஆன நாள். குருவின் காலில் விழுந்தான். எழுந்தபோது அவர் ஒரு கையால் வண்டிச் சாவியைக் கொடுத்தார். இன்னொரு கையால் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். அவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் இவன் கையெழுத்துப் போட்டான். ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். கொடுத்தான். சந்தோஷத்தில் இருந்தான், வேறென்ன.

ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேராக சைட்டுக்குப் போனான். கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். இவன் முகத்தைப் பார்த்து இன்ஜினை நிறுத்தினார்.

"குரு, என் பேர்ல ஒரு கடன் கிடக்குது."

"ஆமா. என்னுது."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று சடையப்பன் நினைக்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சண்டை வீணாகப் போயிற்று.

"கட்டலையா?"

"நாலு மாசம் கட்டினேன். அப்புறம் முடியல. அந்தக் கடன்ல வாங்கின வண்டியைத் தூக்கிட்டுப் போனாங்க. ஏலம் விட்டாங்க. ஏலத்துல வந்த காசு பத்தல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே குரு."

"நோட்டீஸ் வந்துச்சே."

"எனக்கா? எப்ப?"

ஏகாம்பரம் சீட்டுக்குக் கீழே இருந்த டூல் பாக்ஸைத் திறந்தார். ஸ்பேனருக்கு அடியிலிருந்து நான்கு கவர்களை எடுத்தார். நான்கிலும் சடையப்பன் பேர். அப்போது அவன் குருவின் ஷெட்டில்தான் தங்கியிருந்தான். விலாசமும் அதுதான். ஒரு கவர்கூடப் பிரிக்கப்படவில்லை.

"எனக்கு ஏன் குரு கொடுக்கல?"

"கொடுத்தா வருத்தப்படுவ."

"நீங்களாவது பிரிச்சுப் பார்த்திருக்கலாமே?"

"அடுத்தவன் கடுதாசியை நான் பிரிக்கிறதில்ல."

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"இப்பவாவது கட்டுங்க குரு. இந்த வண்டி ஓடுதுல்ல?"

"இது சம்சாரம் பேர்ல இருக்குது."

"உங்க ரிப்போர்ட்லயும்தானே இந்தக் கடன் நிக்கும்?"

"நின்னுட்டுப் போகட்டும். நான் இனிமே லோன் கேட்டு எங்கேயும் போகப் போறதில்ல. எனக்கென்ன வந்துச்சு?"

சடையப்பன் நான்கு கவர்களையும் வாங்கி ரிப்போர்ட்டோடு சேர்த்து மடித்தான். பிறகு சடையப்பன் கேட்டான்.

"எத்தனையோ பேர் இருந்தாங்க. ஏன் குரு என்னைப் போட வெச்சீங்க?"

"உன்கிட்ட முதல்ல வரல. அப்ப உன்கூட வேலை பார்த்தானே தங்கராசு, அவன்கிட்டதான் தாளை நீட்டினேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சான். காலைல வந்து, வேண்டாம் குருன்னுட்டான். மரியாதை கெட்ட பயலேன்னு துரத்திவிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவனுக்கு இப்ப ரெண்டு வண்டி."

"நான் உங்களை நம்பினேன் குரு."

"தெரியுமே. நீ எங்க போடணும்னு மட்டும்தான் கேட்ட."

சடையப்பன் எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனான். ஒரு வெள்ளைத்தாள் வாங்கினான். மேஸ்திரியிடம் பேனா வாங்கி, செங்கல் அடுக்கின் மேல் வைத்து, குருவே சொல்வது போல எழுதினான். எழுத்து கோணல்மாணலாக வந்தது. இந்தக் கடன் ஏகாம்பரம் ஆகிய என்னுடையது. மூன்று மாதத்துக்குள் முழுவதும் கட்டி முடிப்பேன். சடையப்பனுக்கு அட்வான்ஸ் போனால் அந்த ஐம்பதாயிரத்தையும் நானே தருவேன். இதெல்லாம் தவறினால் என் மனைவி பேரில் ஓடும் வண்டியை அவன் எடுத்துக்கொள்ளலாம்.

கொண்டுவந்து நீட்டினான். பதினான்கு வருடத்தில் குருவிடம் அவன் நீட்டிய முதல் தாள் அது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினான்.

ஏகாம்பரம் அவன் விரலை மெதுவாக நகர்த்திவிட்டார். இடுப்புத் துண்டில் கையைத் துடைத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். வண்டி பற்றிய வரி வந்ததும் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒழுங்காக மடித்து அவனிடமே கொடுத்தார்.

"போடுங்க குரு," என்றான் சடையப்பன்.

"படிச்சுட்டேனேப்பா," என்றார் ஏகாம்பரம். "இனி எப்படிப் போடறது?"